நகோன் சி தம்மராத்தில் ஏழு நாள்: ஒரு பயணத் திட்டத்தின் பொருளியல்

பொருளியல் மாணவர் எவரிடமும் மாறாச் செலவுக்கும் மாறும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் தயங்காமல் விடை கூறுவர். ஆலைக் கட்டடத்தின் வாடகை மாறாச் செலவு. பஞ்சு வாங்குவது மாறும் செலவு. உற்பத்தி பெருகப் பெருக மாறாச் செலவு பல அலகுகளின் மேல் பரவுவதால், ஓர் அலகுக்கான சராசரிச் செலவு இறங்கிக்கொண்டே வரும். தேர்வுத் தாளில் அந்த வளைகோட்டை அழகாக வரைந்தும் காட்டுவர். ஆனால் அதே மாணவர் நாளை வேலைக்குச் சென்று, நாலு காசு சேர்த்து, குடும்பத்தோடு அயல்நாடு ஒன்றைப் பார்த்துவர எண்ணும்போது அந்த வளைகோடு அவருக்கு நினைவு வருவதில்லை. 'ஐந்து நாளில் நான்கு நகரங்கள்' என்னும் விளம்பரத்தைக் கண்டதும் முன்பணம் கட்டிவிடுகிறார். என் நண்பர் ஒருவர் அப்படிச் சென்று வந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். விடுதிகளின் வரவேற்பறைகளைப் பற்றி மிக விரிவாகக் கூறினார்.

பயணமும் ஓர் உற்பத்தியே. அதில் விளைவது நாள்கள். அஃதாவது, அயலூர் ஒன்றில் அமைதியாக இருந்து கண்டு கேட்டு உண்டு உறங்கும் நாள்கள். அந்த நாள் ஒன்றின் அடக்கவிலை என்ன என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய எடுத்துக்கொண்ட வினா. பேச்சளவில் நில்லாமல், நானும் என் துணைவியாரும் அண்மையில் ஒரு கோடை விடுமுறையில் மேற்கொண்ட பயணத்தின் திட்டத்தையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். கையில் இருந்தது சீட்டு முதிர்ந்து வந்த ஒன்றேகால் இலட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்குவதில்லை என்பது வீட்டில் முதலிலேயே நிறைவேறிய தீர்மானம். "பணம் போனால் போகட்டும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாதுங்க" என்பது இரண்டாவது தீர்மானம். இது துணைவியார் கொண்டுவந்தது.

நாங்கள் தேர்ந்த ஊர் தாய்லாந்தின் தென்பகுதியில், தாய்லாந்து வளைகுடாவை ஒட்டியுள்ள நகோன் சி தம்மராத் என்னும் மாகாணத் தலைநகர். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. 'நகர ஸ்ரீ தர்மராஜ' என்பதே தாய் மக்களின் நாவில் அவ்வாறு ஆயிற்று. பழைய ஐரோப்பிய வணிகர்கள் இதனை லிகோர் என்று அழைத்தனர். பாங்காக்கிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர் முற்றிலும் அயலூர் அன்று. முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பில், 1025-ஆம் ஆண்டையொட்டி, வெல்லப்பட்டனவாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறும் இடங்களுள் மாதமாலிங்கம் ஒன்று. அதனைத் தாம்பிரலிங்கம் என்னும் பழைய நாடாகவும், அந்நாட்டின் மையத்தை இந்த நகோன் வட்டாரமாகவும் வரலாற்றாசிரியர் கொள்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலங்கை மீது படையெடுத்துச் சென்று, பின்னர்ப் பாண்டியரோடு மோதி மாண்ட சந்திரபானுவும் இந்நாட்டு மன்னனே.

வரலாறு ஒரு காரணம். விலைவாசி மற்றொரு காரணம். புகேத் போன்ற கடற்கரை ஊர்களில் அயல்நாட்டார் கூட்டம் விலையை ஏற்றிவிடுகிறது. நகோனில் விடுதி அறையும் உணவும் உள்ளூர் மக்களின் வருவாயை நோக்கியே விலை குறிக்கப்படுகின்றன. மாகாண நகரங்களில் அயலார்க்குக் கிடைக்கும் பெரும் சலுகை இது. ஆனால் சலுகை கிடைப்பது அங்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். போய்ச் சேர்வதற்குச் சலுகை இல்லை. இங்கேதான் நம் வளைகோடு தொடங்குகிறது.

கணக்கைப் பார்ப்போம். தாய்லாந்து நாணயமான பாட் ஒன்றுக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். திட்டமிடும்போது அன்றைய மாற்று விகிதத்தைவிடச் சற்றுக் கூட்டியே கொள்வது நல்லது. மிஞ்சினால் யாரும் வருந்துவதில்லை. இனி வரும் தொகைகள் யாவும் இருவருக்கும் சேர்த்து, நான் திட்டத்திற்காக வகுத்துக்கொண்டவை. சென்னையிலிருந்து பாங்காக் சென்று திரும்ப விமானக் கட்டணம் 40,000 ரூபாய். பாங்காக்கிலிருந்து நகோனுக்குப் போகும்போது குளிரூட்டிய இரண்டாம் வகுப்புப் படுக்கை வண்டி, 2,000 பாட். திரும்பும்போது உள்நாட்டு விமானம், 3,000 பாட். பாங்காக்கில் ஓர் இரவு தங்கலும் அங்குமிங்கும் போகும் வண்டிச் செலவும் 2,000 பாட். இம்மூன்றும் சேர்ந்து 7,000 பாட், அதாவது 21,000 ரூபாய். பயணக் காப்பீடு, வங்கிக் கட்டணம் முதலியவற்றுக்கு 4,000 ரூபாய். ஆக 65,000 ரூபாய். நகோனில் ஒரு நாள் தங்கினாலும் ஒரு மாதம் தங்கினாலும் இத்தொகை மாறாது.

மாறும் செலவு நாளொன்றுக்கு: அறை 1,000 பாட், உணவு 700, உள்ளூர்ப் போக்குவரத்து 300, நுழைவுச் சீட்டு, காப்பி, பழம் முதலியன 200. கூட்டினால் 2,200 பாட், அதாவது 6,600 ரூபாய். அறை என்று நான் சொல்வது குளிரூட்டியும் வெந்நீரும் தனிக் குளியலறையும் தூய விரிப்பும் உள்ள அறை. நீச்சல் குளம் உள்ளது அன்று. நடுத்தர வசதி என்பதற்கு இதுவே போதிய இலக்கணம் என்பது என் கருத்து.

மூன்று நாள் தங்கினால் மொத்தம் 84,800 ரூபாய். ஒரு நாளின் சராசரிச் செலவு ஏறத்தாழ 28,270. ஏழு நாள் தங்கினால் மொத்தம் 1,11,200. சராசரி 15,890 அளவில் இறங்கிவிடுகிறது. பத்து நாள் என்றால் மொத்தம் 1,31,000, சராசரி 13,100. மூன்றிலிருந்து ஏழுக்குப் போகும்போது சராசரி பன்னிரண்டாயிரத்துக்கு மேல் சரிகிறது. ஏழிலிருந்து பத்துக்குப் போகும்போது மூவாயிரம்கூடச் சரியவில்லை. கோடு தட்டையாகத் தொடங்கும் இடம் ஏறத்தாழ ஆறாம், ஏழாம் நாள். எதிர்பாராச் செலவுக்கு மொத்தத்தில் பத்து விழுக்காடு ஒதுக்கினேன். ஏழு நாளுக்கு அந்த ஒதுக்கீடும் சேர்ந்து 1,22,320 ஆகிறது. எட்டு நாள் என்றால் 1,29,580. சீட்டுப் பணத்தைத் தாண்டிவிடும். ஆகவே எங்கள் ஏழு நாளை முடிவு செய்தது ஆசையன்று, வரவு செலவுக் கோடு.

"நாலு ஊர் பார்த்தால் தானே கொடுத்த பணத்துக்கு ஈடு?" என்று மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார். நல்ல வினா. நகோனோடு புகேத்தையும் சேர்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பேருந்துக் கட்டணம் சில நூறு பாட் தான். ஆனால் அறையைக் காலி செய்து, மூட்டை கட்டி, பேருந்து நிலையம் சென்று, பாதி நாளுக்கு மேல் வண்டியில் கழித்து, புதிய ஊரில் அறை தேடி அமர்வதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. அந்த நாளின் விலை பேருந்துச் சீட்டில் அச்சிடப்படவில்லை. நம் கணக்கில் அதன் அடக்கம் ஏறத்தாழ 16,000 ரூபாய். வாய்ப்புச் செலவு என்று நூல்கள் கூறுவது இதனைத்தான். ஊர் ஒன்று கூடும்போதெல்லாம் மாறாச் செலவு கூடுகிறது, உற்பத்தியாகும் நாள் குறைகிறது. தொழிற்சாலை ஒன்றை வாரத்திற்கு இருமுறை பெயர்த்து வேறிடத்தில் நட்டு நடத்தும் முதலாளி உலகில் உண்டா?

இங்கே குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை என்மீது ஏவலாம். 1854-இல் காசன் எழுதி வைத்ததை மார்ஷல் விளக்கி நாம் படித்துவருகிறோம். முதல் மாம்பழம் தரும் இன்பத்தை ஐந்தாவது தராது. அதுபோல ஒரே ஊரில் ஐந்தாம் நாள் சலித்துவிடாதா? அந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதை மாணவர் மறந்துவிடுகின்றனர்: அலகுகள் ஒரே தன்மையனவாக இருக்க வேண்டும். அயலூரில் நாள்கள் ஒரே தன்மையன அல்ல. முதல் நாள் களைப்பில் போகிறது. இரண்டாம் நாள் திசை அறிவதில் போகிறது. எந்த வண்டி எங்கே நிற்கும், எந்தக் கடையில் காரம் குறைவு, எந்த நேரத்தில் வெயில் தாங்கும் என்பவை மூன்றாம் நாளில்தான் புலப்படுகின்றன. அதன் பிறகே பயன்பாடு ஏறுகிறது. மூன்று நாள் பயணக்காரர் பயன்பாடு ஏறத் தொடங்கும் நேரத்தில் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறார். இன்னொன்றும் உண்டு: தாய்லாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் பல திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். ஞாயிறு மாலை வந்து புதன் காலை புறப்படுபவருக்கு மூடிய கதவே காட்சி.

எந்த மாதம் போவது என்பதும் செலவுக் கணக்கே. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருப்பதால் நகோனுக்கு நம்மூரைப் போலவே வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, நவம்பரில் உச்சம். 1988 நவம்பரில் இம்மாகாணத்தின் மலையடிவாரச் சிற்றூர்களை வெள்ளமும் மண்சரிவும் வெட்டுமரங்களோடு வந்து அழித்தன. அதன் விளைவாகவே 1989-இல் தாய்லாந்து அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. ஆகவே மேற்குக் கரையைப் பற்றி எழுதிய வழிகாட்டியைப் படித்துவிட்டு, தாய்லாந்துக்கு நவம்பர் நல்ல மாதம் என்று இங்கே வந்துவிடக் கூடாது. தை முதல் சித்திரை வரை வானம் தெளிவு. ஆனால் ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களின் புத்தாண்டான சோங்கிரான். நம் சித்திரைப் புத்தாண்டும் அதே நாள்களில் வருவது தற்செயலன்று, இரண்டும் ஞாயிறு மேட இராசியில் புகுவதைக் கொண்டு பிறந்தவை. அந்த வாரம் பாங்காக்கில் வேலை செய்பவர் அனைவரும் ஊருக்குத் திரும்புவதால் வண்டிகளில் இடம் கிடைக்காது. ஏப்ரல் இறுதி வாரம் எங்களுக்கு ஒத்து வந்தது. வெயில் கடுமைதான், நம்மைப் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

அனுமதி பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 2024 ஜூலை 15 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோர் சுற்றுலாவுக்கு விசா இன்றி 60 நாள் வரை தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. இவ்வகை அறிவிப்புகள் அடிக்கடி திருத்தப்படுவதால், விமானச் சீட்டு வாங்குமுன் தூதரக அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். 2025 மே முதல் நாள் தொடங்கி, வருகைப் படிவத்தை இணையத்திலேயே, வருமுன் மூன்று நாள்களுக்குள், நிரப்பும் முறை வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவும் அரசின் தளம் அன்று.

இனி வசதி. ஒவ்வொரு செலவிலும் கடைசி ரூபாய் தரும் பயன் சமமாக இருக்கும்படி பணத்தைப் பங்கிட வேண்டும் என்பது சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. இதனைப் பயணத்தில் கையாள்வது எளிது: எந்த இடத்தில் நூறு பாட் கூட்டினால் உடல் அதிகம் நன்றி கூறும் என்று பார்த்தால் போதும். என் அனுபவத்தில் அது உறக்கம். நள்ளிரவில் சென்னையிலிருந்து ஏறி விடியலில் பாங்காக்கில் இறங்கும் விமானங்கள் பல. இறங்கிய அன்று மாலையே நகோன் வண்டி ஏறலாம். ஓர் இரவு விடுதி மிச்சமாகும். இளைஞர்கள் அவ்வாறே செய்யலாம். ஐம்பதைக் கடந்தவர்கள் அந்த ஓர் இரவைப் பாங்காக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டும். தொலைதூர வண்டிகள் பெரும்பாலானவை 2023 ஜனவரி முதல் பழைய குவாலம்போங் நிலையத்தை விட்டு, பாங்சூவில் உள்ள புதிய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. டான் முவாங் விமான நிலையத்திலிருந்து அந்நிலையத்துக்கு நேரான நகர் இரயில் உண்டு. சுவர்ணபூமியில் இறங்கினால் வண்டி மாற வேண்டும். ஆகவே விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்பதைச் சீட்டு வாங்கும்போதே பார்த்துவிடல் நலம்.

படுக்கை வண்டியில் கீழ்ப் படுக்கை சற்று விலை கூடுதல்; அகலமும் கூடுதல்; சன்னல் அதன் பக்கமே. அந்த வேறுபாட்டுக்கு ஈடான பயனை வேறெதிலும் நான் கண்டதில்லை. பணியாளர் வந்து மாலையில் இருக்கைகளைப் படுக்கையாக்கி, வெள்ளை விரிப்பு விரித்துத் திரைச்சீலை தொங்கவிட்டுப் போவார். காலையில் விழித்தால் ரப்பர்த் தோட்டங்களும் சுண்ணாம்புக் குன்றுகளும். காவ் சும் தோங் சந்திப்பில் பிரியும் 35 கிலோமீட்டர்க் கிளைப்பாதையின் முடிவிடமே நகோன். நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இறங்கியதும் வாடகை வண்டிக்குப் பேரம் பேசவேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. அறைக்கு நடந்தே சென்றோம்.

ஊரின் அமைப்பும் செலவைக் குறைக்கிறது. வடக்கு தெற்காக நீண்டோடும் இராட்சதம்னோன் சாலையே ஊரின் முதுகெலும்பு. அதில் சோங்தேவ் என்னும் சிற்றுந்துகள் ஓயாமல் ஓடுகின்றன. சோங்தேவ் என்றால் 'இரண்டு வரிசை' என்று பொருள். பின்புறம் எதிரெதிரே இரண்டு நீள இருக்கைகள். கையை நீட்டினால் நிற்கும், மணியை அழுத்தினால் நிற்கும், இறங்கிச் சில்லறை கொடுத்தால் முடிந்தது. வாட் பிரா மகாதாட் என்னும் பெருங்கோயில் அச்சாலையில்தான். உயர்ந்த அதன் தாதுகோபம் மணி வடிவில் இலங்கை மரபைச் சார்ந்தது, நுனியில் பொற்றகடு. 2012-இல் இக்கோயில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது. மாசி மாதத்தை ஒட்டிவரும் மாக பூசைப் பௌர்ணமியில் மிக நீண்ட துணியை ஊர்வலமாகச் சுமந்து வந்து தாதுகோபத்தைச் சுற்றிக் கட்டுவர். அந்த நாளில் போக விரும்புவோர் அறையை வெகு முன்னதாகவே பதிய வேண்டும்.

அதே சாலையில் சிவனுக்கு ஒரு சிறு கோயில் உள்ளது. பிரா இசுவான் என்பர், ஈசுவரன் என்பதன் மருஉ. எதிர்ப்புறம் பிரா நாராய், நாராயணன். சிவன் கோயிலின் அருகே செந்நிறத் தூண்களுடன் ஓர் ஊஞ்சல் நிற்கிறது. மார்கழியில் நாம் திருவெம்பாவை பாடும் விழாவே தாய்லாந்தில் திரியம்பாவாய் என்னும் ஊஞ்சல் விழாவாயிற்று. பாங்காக்கில் அவ்வூஞ்சல் ஆட்டம் 1935-இல் நின்றுபோயிற்று. கட்டணம் ஏதும் இன்றிக் காணத்தக்க இந்த இடத்தில் நான் ஒரு முழு முற்பகலைச் செலவிட்டேன். எங்கள் ஏழு நாளில் மிகக் குறைந்த செலவும் மிகுந்த பயனும் தந்த முற்பகல் அது. நாங் தலுங் என்னும் தோற்பாவைக் கூத்துக்கெனக் கோயிலுக்கு அண்மையில் ஒரு சிறு காட்சியகம் உண்டு. தோலைத் துளையிட்டுப் பாவை செய்வதை அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். நம்மூர்த் தோல்பாவை அறிந்தவருக்கு அங்கிருந்து எழுந்து வர மனம் வராது.

உணவில் எச்சரிக்கை தேவை. தென் தாய்லாந்துச் சமையல் காரத்தில் நம்மையும் விஞ்சும். கனோம் சீன் என்னும், நம் இடியாப்பத்தை ஒத்த அரிசி நூலின்மேல் குழம்பு ஊற்றி, பச்சிலைகளைத் தட்டு நிறைய வைத்துவிடுவர். விலை ஐம்பது பாட் அளவில். முஸ்லிம் கடைகளில் வீச்சு ரொட்டியும் ஆற்றிய தேநீரும் காலை உணவுக்கு ஏற்றவை. மரக்கறி உண்பவர்க்குத்தான் கடினம். குழம்பில் மீன் தெரியாவிட்டாலும் இறால் விழுது இருக்கும். 'ஜே' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் பாதிக் கவலை தீரும்; மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் அதனை எழுதியிருக்கும் கடையில் ஊனும் இல்லை, பூண்டும் இல்லை. துணைவியார் மரக்கறியாளர் ஆதலால், குளிர்பதனப் பெட்டியும் வெந்நீர்க் கெண்டியும் உள்ள அறையாகப் பார்த்து நாளொன்றுக்கு நூறு பாட் கூட்டிக் கொடுத்தோம். அது உணவுத் தலைப்பில் எழுதவேண்டிய செலவா, அறைத் தலைப்பிலா என்று வணிகவியல் துறை நண்பர்கள் தீர்ப்புக் கூறலாம்.

வங்கி அட்டைக்கு ஒரு சொல். அயல்நாட்டு அட்டையில் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தாய் வங்கிகள் 200 பாட்டிற்கு மேல் கட்டணம் கொள்கின்றன. எடுக்கும் தொகை சிறிதாயினும் பெரிதாயினும் அதுவே. ஆகவே இதுவும் ஒரு மாறாச் செலவு. இரண்டே முறை எடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்தோம்.

நான்காம் நாள் கிரிவோங் சென்றோம். தென் தாய்லாந்தின் மிக உயர்ந்த மலையான காவ் லுவாங்கின் அடிவாரத்தில், பழத்தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். வாடகைக் கார் எடுத்தால் இரண்டு நாள் அறை வாடகைக்குச் சமம். சோங்தேவிலோ நகர்ச் செலவு போலத்தான். சாலை குறுகிய தொலைவு, ஆதலால் சோங்தேவையே தேர்ந்தோம். ஐந்தாம் நாள் வடக்கே கானோம் கடற்கரைக்கு அவ்வாறு செய்யவில்லை. தொலைவு மிகுதி, பேருந்தில் இருமுறை மாற வேண்டும். எனவே ஓட்டுநருடன் கார். அன்று கூடுதலாகச் சென்ற 2,000 பாட் ஒதுக்கீட்டுத் தொகையிலிருந்து வந்தது. அந்த ஒதுக்கீட்டில் அதன் பின்னும் சிறிது எஞ்சியது. யான் லிபாவ் என்னும் காட்டுக் கொடியைக் கீறி முடையும் கைப்பெட்டிகளுக்கு நகோன் பெயர் பெற்றது. உள்ளங்கை அளவினதாக ஒன்றைத் துணைவியார் ஆறாம் நாள் மாலை எடுத்து விலை கேட்டார். நான் குறிப்பேட்டைத் திறந்து இருப்பைப் பார்த்தேன், இருந்தது, வாங்கினோம்.